கத்தாத வீட்டு லைன்

தாராவியில் தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால், சந்து சந்தாக ஒயர் இழுத்து வீடுகளுக்கு நெட் கொடுப்பவன் பூதத்தான். கம்பெனியிடம் வாங்குவது ஒரே லைன். அது தாங்குவதைப் போல நாலு மடங்கு வீடுகளுக்கு அதைப் பிரித்து விற்றுவிட்டு, எல்லாரும் ஒரே நேரத்திலா திறக்கப் போகிறார்கள் என்று தெம்பாக உட்கார்ந்திருப்பான். கிரிக்கெட் வந்தால் எல்லாரும்தான் திறப்பார்கள். அப்போது நம்ம பூதத்தான் துரை என்ன செய்வார்? கடை வாசலில் வந்து கத்துகிறவனுக்கு வேகத்தைக் கூட்டுவார், கத்தாத வீட்டில் குறைப்பார். கத்தாத வீடு எது? சொந்தக்காரர்கள் வீடுதான். ஓசி கனெக்‌ஷன், வாயைத் திறக்குமா?

அக்கா இசக்கிசெல்வி வீட்டு லைன்தான் முதலில் படுக்கும். தம்பி பிழைப்பாயிற்றே என்று அவளும் பொறுத்துக்கொண்டாள்.

அவள் மகள் தமன்னாவுக்கு ஐரோலியில் இருக்கும் கம்பெனி ஒன்றில் கடைசி இன்டர்வியூ, வீடியோவில், சாயங்காலம். அந்தச் சந்துக்குள் மொபைல் சிக்னல் எட்டிக்கூடப் பார்க்காது. காலையிலேயே கடைக்கு வந்தாள்.

"மாமா, இன்னைக்கு மட்டும் எங்க லைன்ல கை வச்சிராதீங்க."

"ஏட்டி, ஒனக்குப் போயி செய்வனா? நீ தைரியமா பேசு."

மனசாரத்தான் சொன்னான்.

சாயங்காலம் மேட்ச் சூடு பிடித்தது. தோல் பட்டறை காலித் பத்துப் பேரோடு வந்து நின்றார். "க்யா ரே, பைசா வாங்கலியா நீ? பந்து போட்ட கையோட படம் நிக்கி! இப்பவே ஒயர அறுத்துட்டு வேற ஆளுட்ட போயிருவோம், பாத்துக்கோ!"

அஞ்சு நிமிஷம்தானே, இந்த ஓவர் முடிந்ததும் கொடுத்துவிடலாம் என்று பூதத்தான் லேப்டாப்பில் அக்கா வீட்டு லைனைக் குறைத்தான், பாவி! மறுபடி நின்றால் பிடித்துக் கேட்க, மேட்ச் முடிகிறவரை செல்போனில் பார்த்தபடி வாசலை விட்டு ஒருத்தனும் நகரவில்லை. இவனும் கூட்டவில்லை.

அங்கே தமன்னா பேசிக்கொண்டிருக்கும்போதே திரை நின்றுபோனது. எதிரே இருந்தவர்கள் இரண்டு முறை ஹலோ சொல்லிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். வேலை வேறு யாருக்கோ போனது.

"அவன் என்னட்டி செய்வான், அவன் பொழப்பு அப்டி" என்றாள் இசக்கிசெல்வி, அப்போதும். தமன்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த மேட்ச் அன்று வாசலில் வழக்கமான கூட்டம். ஆண்களின் சத்தத்துக்கு மேலே ஒரு பெண் குரல் வந்தது, நெட் வரலை, கடையைச் சாத்து என்று இந்தியில். "ஏ கேபிள்வாலே! நெட் நஹி ஆ ரஹா! தந்தா பந்த் கர்!"

பூதத்தான் நிமிர்ந்தான். தமன்னா.

"ஏட்டி, மாமாவயா..."

"கேபிள்வாலே! சுனாயி நஹி தேதா க்யா?" காது கேட்கவில்லையா என்பதும் இந்தியில்தான்.

அவன் கை தானாகப் போய் அவள் லைனைக் கூட்டியது.