லிஃப்ட் விழாது

குழந்தைகளுக்கு லிஃப்டைப் பற்றி ஒரு படப் புத்தகம் எழுதித் தர முடியுமா என்று பதிப்பகத்தில் கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை, சரி என்று சொல்லிவிட்டேன். அதற்கு முன்பு இட்லி மாவு ஏன் பொங்குகிறது என்று ஒரு புத்தகமும், பொக்லைன் எப்படித் தோண்டுகிறது என்று ஒரு புத்தகமும் எழுதியிருந்தேன். மாவுக்கு என் சமையலறையே போதுமானதாக இருந்தது. பொக்லைனுக்காக, பையனைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்பும்போது பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மெட்ரோ வேலை நடக்கும் இடத்தில் தினமும் தூசியில் நின்று பார்த்தேன். லிஃப்ட் இவற்றைவிடச் சுலபம் என்று பட்டது. வேலப்பன்சாவடியில் எங்கள் வீடு ஒன்பதாவது மாடி. தேனியிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்த நாள் முதல் நான் வெளியே போவதும் வருவதும் லிஃப்டில்தான்.

படப் புத்தகத்தில் ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று வரிகள்தான். மீதியைப் படம் சொல்லும். ஆனால் கதைப் புத்தகம் மாதிரி இல்லை இது. கதையில் யானை பறக்கலாம். தகவல் புத்தகத்தில் ஒரு வரிகூடத் தப்பாக இருக்கக் கூடாது, படிக்கிற குழந்தை அப்படியே நம்பிவிடும். அதனால் இரண்டு வரிக்காக வாரக்கணக்கில் படிப்பேன், ஆட்களைத் தேடிப் போய்க் கேட்பேன். இதற்காக, பராமரிப்புக்கு வரும் லிஃப்ட் மெக்கானிக்கிடம் பேசினேன். குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் அனுமதி வாங்கி, மொட்டை மாடியில் இருக்கும் மோட்டார் அறைக்குள்ளும் போய்ப் பார்த்தேன். லிஃப்ட் பெட்டி ஒரு பக்கம் தொங்குகிறது, அதற்கும் அது ஏற்றும் ஆட்களில் பாதிப் பேருக்கும் சமமாக இரும்புக் கட்டிகளை அடுக்கிய எதிர் எடை மறுபக்கம் தொங்குகிறது, இது ஏறினால் அது இறங்கும். மின்சாரம் போனால் பிரேக் தானாகவே இறுகிக்கொள்ளும். இதையெல்லாம் எளிய வார்த்தைகளில் எழுதினேன். ஒரு பக்கத்துக்கு நான் எழுதிய வரிகள் இவை: "கரண்ட் போய்விட்டதா? பயப்படாதே. லிஃப்ட் விழாது. மணியை அடி. காத்திரு."

எழுதும்போது இந்த வரிகளுக்கு நான் அதிகம் சிரமப்படவில்லை.

ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலை. ஓவியர் அனுப்பிய மாதிரிப் படங்களைக் கடையில் அச்செடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன். எங்கள் குடியிருப்பில் இரண்டு லிஃப்ட். சிறியது சாமான் ஏற்றவும் வேலைக்காரர்களுக்கும். அது பழுதாகிப் பல மாதம் ஆகியிருந்தது. பெரியதில் வேலைக்காரர்கள் ஏறக்கூடாது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். துப்புரவு வேலை செய்யும் பெண் ஒருவர், கரையான்சாவடியிலிருந்து வருகிறவர், என் வயதுதான் இருக்கும், வாளியும் மாப்புமாகப் படிக்கட்டின் அடியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். எட்டாவது மாடிக்குப் போக வேண்டும் என்றார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு, உள்ளே வாங்க என்று கூப்பிட்டேன். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஏறினார்.

நான்காவது மாடியைத் தாண்டியதும் ஒரு குலுக்கல். விளக்கு அணைந்தது, விசிறி நின்றது. கரண்ட் போனால் பேட்டரியில் ஓடி அடுத்த மாடியில் நின்று கதவைத் திறந்துவிடும் கருவி ஒன்று உண்டு, அதற்காகக் காத்திருந்தேன். பெட்டி அசையவில்லை. ஜெனரேட்டர் சத்தமும் கேட்கவில்லை. மணியை அழுத்தினேன், அதற்கும் உயிர் இல்லை. கைப்பேசியில் சிக்னல் இல்லை.

முதலில் நான் நிதானமாகத்தான் இருந்தேன். விழாது என்று எனக்குத் தெரியும். காற்று வரப் பெட்டியில் இடைவெளி உண்டு என்றும் தெரியும். கொஞ்ச நேரத்தில் அந்தத் தெரிதல் எல்லாம் வேறு யாருக்கோ உரியது மாதிரி ஆகிவிட்டது. முதுகு முழுக்க வியர்த்தது. மூச்சு பாதியில் நின்று நின்று வந்தது. கதவை இரண்டு கையாலும் தட்டினேன், கத்தினேன். மழைச் சத்தத்தில் அது எங்கே போயிற்றோ.

"உக்காருங்கக்கா" என்றார் அவர். கைப்பேசி வெளிச்சத்தைத் தரையில் வைத்துவிட்டு அவரும் எதிரே உட்கார்ந்தார். அவர் என்னைப்போல நடுங்கவில்லை. அதை அப்போது தைரியம் என்று நினைத்தேன். பிறகுதான் கேட்டார், "ஏக்கா, கதவத் தொறந்தா நான் உள்ள கீறது தெரிஞ்சுடும்ல?"

நான்தானே கூப்பிட்டேன், சொல்லிக்கொள்ளலாம் என்றேன். "நீங்க சொல்வீங்கக்கா. சூப்பர்வைசரு அத்த கேக்கணுமே" என்றார். பெட்டிக்குள் இருந்த அவ்வளவு நேரமும் அவர் பயந்தது கதவு திறக்காமல் போய்விடும் என்று இல்லை. திறந்துவிடும் என்றுதான்.

எதையாவது பேசிக்கொண்டிருந்தால்தான் எனக்கு மூச்சு வரும்போல இருந்தது. என் புத்தகத்தையே பக்கம் பக்கமாகச் சொல்ல ஆரம்பித்தேன். எதிர் எடையைப் பற்றிச் சொன்னதும் அவருக்கு அது பிடித்துப்போயிற்று. இப்போது அது எங்கே நிற்கிறது என்று கேட்டார். நாம் கட்டடத்தின் நடுவில் நிற்பதால் அதுவும் ஏறக்குறைய நம் பக்கத்தில்தான், இந்தச் சுவருக்குப் பின்னால், என்றேன். நாம் இரண்டு பேர் மட்டும் இருப்பதால் நம்மைவிட அதுதான் கனம், பிரேக்கே விட்டாலும் பெட்டி மேலேதான் போகும் என்றும் சொன்னேன். இருட்டில் அவர் சிரித்தார். பிறகு, உள்ளே இருக்கிறவர்கள் தாங்களே திறந்துகொண்டு வெளியே வர வழி இருக்கிறதா என்று கேட்டார். இல்லை, வெளியிலிருந்துதான் திறக்க முடியும், பாதுகாப்புக்காக அப்படி வைத்திருக்கிறார்கள் என்று விளக்கினேன்.

"அப்போ உள்ள கீறவங்களுக்கு ஒண்ணியும் கெடையாதா" என்றார்.

காத்திருக்கணும் என்று நான் சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும், மேலே வெளிச்சம் தெரிந்தது. மெக்கானிக்கும் வாட்ச்மேனும் கதவைத் திறந்திருந்தார்கள். பெட்டி பாதியில் நின்றதால் தளம் எங்கள் மார்பு உயரத்தில் இருந்தது. கையைப் பிடித்து என்னைத் தூக்கினார்கள். யாரோ நாற்காலி போட்டார்கள், யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். செயலாளர் என் பக்கத்தில் குனிந்து, டாக்டரிடம் போகலாமா மேடம் என்று அக்கறையாக விசாரித்தார். அந்தப் பெண்ணைத் தூக்கிவிட்டதும் சூப்பர்வைசர் கேட்ட முதல் கேள்வி, "நீ எதுக்கு லிஃப்ட்ல ஏறின?"

நான்தான் கூப்பிட்டேன் என்று எழுந்து நின்று சொன்னேன். உங்க நல்ல மனசு மேடம், ஆனா வாளித் தண்ணீர் சிந்தினா லிஃப்டுக்கு ஆகாது, என்றார் செயலாளர். தண்ணீர் சிந்தவில்லை, வாளி காலியாக இருந்தது என்றேன். பேட்டரி செத்துக் கிடந்ததை மெக்கானிக் அங்கேயே சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். மறுநாள் லிஃப்டுக்குள் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது: துப்புரவுப் பணியாளர்களும் டெலிவரி ஆட்களும் படிக்கட்டைப் பயன்படுத்தவும். அதுவரை எழுதாமல் இருந்த விதியை எழுத வைத்தது நான்தான் என்று ஆயிற்று.

குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் நீளமாக எழுதினேன். பழுதுக்குக் காரணம் பேட்டரி, இரண்டு பேரின் எடையோ வாளியோ இல்லை என்று விவரமாக விளக்கினேன். சிலர் கட்டைவிரல் போட்டார்கள். அதற்குக் கீழே ஒருவர் குடிதண்ணீர் லாரி எப்போது வரும் என்று கேட்டார், பேச்சு அங்கே போய்விட்டது. "விடு, நாம இங்கதான் இருந்தாகணும்" என்றார் கணவர். அவர் கோபமாகச் சொல்லவில்லை. பையனின் பள்ளி, அவருடைய அலுவலகப் பேருந்து, எல்லாம் இங்கே. அவர் சொன்னது உண்மை என்பதுதான் கஷ்டமாக இருந்தது.

அதன் பிறகு என்னால் லிஃப்டில் கால் வைக்க முடியவில்லை. கதவு மூடப் போகும்போதே பின்வாங்கிவிடுவேன். காய்கறிப் பையோடு ஒன்பது மாடி ஏறினேன். மிகவும் அவசியமில்லாமல் கீழே இறங்குவதையே விட்டுவிட்டேன். வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு, தினமும் லிஃப்டைப் பற்றி எழுத வேண்டும்.

பதிப்பக ஆசிரியருக்குப் பிரதி பிடித்திருந்தது. கரண்ட் போகும் பக்கத்தை மட்டும் கொஞ்சம் ஜாலியாக, குழந்தைகள் லிஃப்டுக்குள் பாட்டுப் பாடுவதாக மாற்றலாமா என்று கேட்டார். அப்படி இருக்காது என்றேன். உள்ளே எப்படி இருக்கும் என்று எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன். பயமாக இருக்கும் என்ற ஒரு சொல்லுக்காக இரண்டு நாள் தொலைபேசியில் பேசினோம். ஐந்து வயதுக் குழந்தையைப் பயமுறுத்த வேண்டாமே என்பது அவர் கவலை, அதுவும் நியாயம்தான். கடைசியில் "பயமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவரோடு பேசு" என்ற வரியில் ஒத்துப்போனோம்.

அதைவிடப் பெரிய சிக்கல் படத்தில் வந்தது. நிறைய பேர் நிற்கும் லிஃப்ட் ஒன்றை ஓவியர் வரைந்திருந்தார். சைக்கிளோடு ஒரு சிறுமி, நாய்க்குட்டியோடு ஒருவர், கூரியர் பையன், நீலச் சீருடையில் மாப்போடு ஒரு பெண். எல்லோரும் சிரிக்கிறார்கள். ஆசிரியருக்கு மிகவும் பிடித்த பக்கம் அது. எனக்குத் தூக்கம் போயிற்று. அந்தப் பெண்ணை லிஃப்டுக்குள் நிறுத்தினால் நான் வாழும் கட்டடத்தில் அது பொய். வெளியே எடுத்தால், ஏறக்கூடாது என்று நானும் சொன்னதாக ஆகிவிடும். கதைப் புத்தகமாக இருந்தால் விட்டிருப்பேன்.

படிக்கட்டில் அடிக்கடி சந்திப்பவர்கள் ஆகிவிட்டோம், நானும் என்னோடு லிஃப்டில் மாட்டிக்கொண்ட அந்தப் பெண்ணும். ஏழாவது மாடி திருப்பத்தில் மூச்சு வாங்க நிற்கும்போது அந்தப் படத்தைக் கைப்பேசியில் காட்டி, இதில் உங்களைப் போல ஒருவர் இருக்கட்டுமா என்று கேட்டேன். உற்றுப் பார்த்தார்.

"வேணாங்க்கா. இத்த சூப்பர்வைசரு பாத்தா, மறுபடியும் ஏறிக்கீறா, போட்டோ வேற எடுத்துக்கீறாங்கன்னுவாரு. வேல பூடும்."

இது போட்டோ இல்லை, வரைந்தது என்றேன். அவருக்கு அது தெரியாமல் இல்லை.

அதனால் அந்தப் பக்கத்தை மாற்றச் சொன்னேன். கட்டடத்தைக் குறுக்கே வெட்டியது போன்ற படம். நடுவில் லிஃப்ட், ஒட்டினாற்போலப் படிக்கட்டு. லிஃப்டில் சிலர் நிற்கிறார்கள். படிக்கட்டில் மாப்போடு ஒரு பெண்ணும், முதுகில் பையோடு ஒருவரும் ஏறுகிறார்கள். கீழே நான் எழுதிய வரி: "சிலர் படியில் ஏறுகிறார்கள். ஏன்?" படத்தை ஒப்புக்கொண்ட ஆசிரியர் அந்தக் கேள்வியை எடுத்துவிட்டார். பதில் சொல்லாத கேள்வி தகவல் புத்தகத்தில் எதற்கு என்று கேட்டார். என்னிடம் ஐந்து வயதுக்கு ஏற்ற பதில் இருக்கவில்லை.

புத்தகம் வந்ததும் எங்கள் குடியிருப்பு ஹாலிலேயே வாசிப்பு வைத்தார்கள். செயலாளர் எனக்குப் பொன்னாடை போர்த்தி, நம் லிஃப்ட் புத்தகத்தில் வந்திருக்கிறது என்று பேசினார். குழந்தைகள் கேள்விகளைக் கொட்டினார்கள். கயிறு அறுந்தால் என்ன ஆகும், உள்ளே ஒன்னுக்கு வந்தால் என்ன செய்வது, யானை ஏற முடியுமா. படிக்கட்டுப் பக்கத்தை நான் வேண்டுமென்றே கொஞ்ச நேரம் விரித்துப் பிடித்திருந்தேன். அதைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை.

படிக்கட்டில் சந்திக்கும் அந்தப் பெண்ணுக்கும் ஒரு பிரதி கொடுத்தேன். அந்தப் பக்கத்தைத் தானே கண்டுபிடித்து, "கால இம்மா ஒல்லியா போட்டுக்கீறாங்க" என்று சிரித்தார். பொங்கலுக்குப் பிறகு பக்கத்தில் இருக்கும் ஒரு கல்லூரி கேன்டீனில் அவருக்கு வேலை கிடைத்தது. எல்லாமே தரைத் தளம், ஏறவே வேண்டாம் என்று சொல்ல என் வீட்டு வாசல்வரை வந்தார். அவருக்குப் பதிலாக வந்திருப்பவர் இளம்பெண், வேகமாக ஏறுகிறார். சிறிய லிஃப்ட் இன்னும் சரியாகவில்லை. இறங்கும்போது பையனின் கையைப் பிடித்துக்கொண்டு லிஃப்டில் இறங்க இப்போது முடிகிறது. ஏறும்போது படிதான்.

போன மாதம் ஆசிரியர் அழைத்தார். புத்தகம் மறுபதிப்புக்குப் போகிறது, திருத்தம் ஏதும் இருந்தால் சொல்லுங்கள் என்றார். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது. திருத்தம் எதுவும் இல்லை என்று பதில் அனுப்பினேன்.