பொழிச்சலூர் மாடியில் ராஞ்சு மீன்கள்

நேற்று எங்கள் அடுக்ககத்தில் சம்ப், அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி, கழுவ ஆட்கள் வந்திருந்தார்கள். நான் பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது மூடியைத் திறந்து வைத்திருந்தார்கள். உள்ளேயிருந்து பாசி வாசனை வந்தது. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போனார்கள். நான் மட்டும் பால் பாக்கெட்டோடு அங்கேயே நின்றுவிட்டேன். "இன்னா சார், எதுனா உள்ள வுழுந்துட்ச்சா?" என்று கேட்டார் கழுவ வந்தவர். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு மேலே வந்தேன்.

வெயிலில் பச்சை பிடித்த தண்ணீரின் வாசனை அது. உங்களுக்கு அது நாற்றமாகத்தான் இருக்கும். தங்கமீன் வளர்த்தவனுக்கு அது நல்ல செய்தி. பச்சைத் தண்ணீரில்தான் மீனுக்கு நிறம் ஏறும், வாலோரக் கிழிசல் ஆறும். மீன் வளர்த்த அந்த நாட்களில் சிட்லபாக்கத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் தனியாகக் குடியிருந்தேன். கிண்டியில் ஒரு லாரி கம்பெனி ஆபீசில் வேலை. கல்யாணம் தள்ளிப் போய்க்கொண்டே இருந்து, இனித் தள்ள இடமில்லை என்று ஒருநாள் நின்றுவிட்டது. தண்ணீர் பச்சையாகிவிட்டதா என்று மொட்டை மாடிக்கு ஓடிப் போய்ப் பார்ப்பதுதான் சாயங்காலங்களில் எனக்கிருந்த குடும்பப் பொறுப்பு.

நான் வளர்த்தது கண்ணாடித் தொட்டியில் மினுக்கும் சாதாரண மீன் இல்லை. ராஞ்சு என்று ஒரு வகை. முதுகில் துடுப்பு கிடையாது, குண்டு உடம்பு, தலையில் சதை திரண்டிருக்கும். பக்கவாட்டில் பார்த்தால் பரிதாபமாகத் தெரியும். அதை மேலிருந்துதான் பார்க்க வேண்டும். ராஞ்சுப் போட்டிகளில் வெள்ளை பேசினில் விட்டுவிட்டு நடுவர்கள் குனிந்து பார்ப்பார்கள். முதுகு அகலம், வால் விரியும் விதம், நீந்தும்போது நேராகப் போகிறதா என்பதெல்லாம் கணக்கு. ஒரு முட்டைப் பொரிப்பில் நூற்றுக்கணக்கில் குஞ்சு வந்தால் கடைசியில் கைவிரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் மிஞ்சும். மற்றதையெல்லாம் வாரம் வாரம் பார்த்துப் பார்த்துக் கழிக்க வேண்டும். ஆபீசில் இதை விளக்கப் போய், 'வாஸ்து மீனா சார்?' என்று கேட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு விளக்குவதை விட்டுவிட்டேன்.

ஆல்பர்ட்டைச் சந்தித்தது கொளத்தூர் மீன் சந்தையில். ஒரே தொட்டிமேல் இரண்டு பேரும் குனிந்து தலையை இடித்துக்கொண்டோம். அவருக்கும் என் வயதுதான். பொழிச்சலூரில் சொந்த வீடு, இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை. மனைவி மெர்சி பள்ளிக்கூட டீச்சர். பையன் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தான். எழும்பூர் வந்து ஒரே ரயிலில் திரும்பினோம். பல்லாவரத்தில் அவர் இறங்கும்போது, "ஞாயித்துக்கிழமை வாங்க சார், கழிக்க வேண்டியது நிறைய இருக்கு" என்றார். அப்படிப் போக ஆரம்பித்தவன்தான். பல வருஷம் போனேன். கடைசிவரை அவருக்கு நானும் எனக்கு அவரும் 'சார்'தான்.

அவர் வீட்டு மாடியில் விமானங்கள் தலையை உரசுவதுபோல் இறங்கும். பேச்சைப் பாதியில் நிறுத்தி, அது போனபின் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். மீன்கள் கண்டுகொள்ளாது. என் மீன்களை அங்கே கொண்டுபோனால் ஒவ்வொரு விமானத்துக்கும் தொட்டியின் அடியில் போய்ப் பதுங்கும். "சிட்லபாக்கம் மீன் சார், கூச்சம்" என்று சிரிப்பார். மீனைத்தான் சொன்னாரா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம் உண்டு.

கழிப்பதில் அவர் கறார். எனக்குக் கை வராது. முதுகில் ஒரு சின்ன முள் முளைத்திருந்தாலும் வெள்ளைக் கரண்டியால் அள்ளி அந்தப் பக்கம் போட்டுவிடுவார். அவையெல்லாம் மெர்சி மேடத்தின் பள்ளிக்கூடத் தொட்டிக்குப் போய்க் கொசுப்புழு தின்று கொழுத்தன. போட்டிக்கு லாயக்கில்லாத மீன்கள்தான் நிம்மதியாக வாழ்ந்தன என்று தோன்றும்.

ஒரு மழைக்காலம் முடிந்த ஞாயிறு. அவர் வைத்துக்கொண்ட குஞ்சுகளில் ஒன்றின் வால் விரியாமல் ஒட்டியிருந்தது. கழித்ததில் ஒன்று, அந்தப் பொரிப்பிலேயே நல்ல மீன். நான் அதை எடுத்து இந்தப் பக்கம் விட்டேன். வெளிச்சம் சரியில்லை என்றார். நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் நட்ட நடுவில் இருந்த தொட்டியில் காலை இடித்துக்கொண்டார். அதற்கடுத்த வாரம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"சார், மீனோட தலையைப் பார்த்தா வால் தெரியலை. வாலைத் தேடிப் போனா மீன் போயிடுது."

கண்ணில் அழுத்தமாம். ஓரமெல்லாம் போய்விட்டது, நடுவில் மட்டும் குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் கொஞ்சம் மிச்சம். அதுவும் எவ்வளவு நாள் என்று டாக்டருக்கே தெரியவில்லை. மெர்சியிடம் இன்னும் சொல்லவில்லை என்றார். ஒரு விமானம் இறங்கியது. நல்லவேளை என்று நினைத்துக்கொண்டேன்.

சத்தம் அடங்கியதும், "போட்டி வருது. நீங்க பார்த்துச் சொல்லுங்க, நான் முடிவு பண்றேன்" என்றார்.

நான் வாயில்லாதவன். ஆபீசில் ஒருநாள் முழுக்கப் பேசுவதை ஒரு தபால் கார்டில் எழுதிவிடலாம். முதல் மீனைப் பார்த்து, 'நல்லா இருக்கு சார்' என்றேன். அவர் கோபப்படவில்லை. நல்லா இருக்கு என்றால் தனக்கு எதுவும் தெரியவில்லை என்றார். முதுகு எங்கே வளைய ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று கேட்டார். சொன்னேன். "அப்புறம்?" என்றார். வாலைச் சொன்னேன். "அப்புறம்?"

இப்படித்தான் நான் பேசக் கற்றுக்கொண்டேன். ஒன்றின் முதுகு பழைய அம்பாசிடர் காரின் கூரைபோல் இறங்குகிறது. இன்னொன்று, பாவாடை விரித்து உட்காரும் குழந்தை மாதிரி நின்ற இடத்தில் வாலை விரிக்கிறது. மற்றொன்று திரும்பும்போது இடது பக்கம் கொஞ்சம் தயங்குகிறது. 'தயங்குது' என்றதும் அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். "இப்ப தெரியுது சார். அதை எடுத்துடுங்க." பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் வார்த்தை தேடிக்கொண்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமைக்கு எனக்கு அத்தனை வார்த்தை வேண்டியிருந்தது.

இரண்டு ஞாயிறு போயிருக்கும். டீ கொண்டுவந்த மெர்சி மேடம் படிக்கட்டு வாசலில் நின்றுவிட்டார். நான் பேசினைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போகிறேன். அவர் கணவர் எதிரில் உட்கார்ந்து எங்கோ பார்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார். மேடம் எவ்வளவு நேரம் நின்றாரோ. பிறகு வந்து எனக்கு ஒரு டம்ளரைக் கொடுத்தார். வழக்கமாக ஆல்பர்ட்டுடையதைச் சுவர்மேல் வைத்துவிட்டுப் போவார். அன்று அவர் கையைப் பிடித்து, விரல்களை விரித்து, டம்ளரை உள்ளே வைத்து மூடினார். ஆல்பர்ட் தலையைக் குனிந்துகொண்டார். மேடம் கீழே இறங்கிப் போன சத்தம் நின்றதும் ஆல்பர்ட், "அடுத்த மீன் சார்" என்றார். அவர் குரல் உடைந்திருந்தது. நான் சொன்ன அடுத்த மீனும் அப்படித்தான் இருந்திருக்கும்.

கடைசியில் ஒரு சிவப்பு வெள்ளை மீனைத் தேர்ந்தெடுத்தார். ஒரு கன்னம் மட்டும் வெள்ளை. போட்டிக்கு முன் தினமும் அதை வெள்ளை பேசினில் கொஞ்ச நேரம் விட்டு, மேலே ஆட்கள் நிழல் விழப் பழக்கினோம். முந்தின நாள் தண்ணீர் கலங்காமலிருக்கப் பட்டினி போட்டோம். ஆட்டோவில் வாளியை ஆல்பர்ட் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பள்ளம் வரும்போதெல்லாம் முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வந்தேன்.

எங்கள் மீனுக்கு எதுவும் கிடைக்கவில்லை. நடுவர் குனிந்தார், நிமிர்ந்தார், அடுத்த பேசினுக்குப் போய்விட்டார். வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பப் பார்த்தேன். ஆல்பர்ட் என் முழங்கையைப் பிடித்தார்.

"ஃபர்ஸ்ட் வந்த மீன் எப்படி சார்? நம்மளதைவிட நல்லதா?"

"ஆமா சார். நல்ல மீன்."

"அதைச் சொல்லுங்க."

சொன்னேன். தலையிலிருந்து வால் நுனிவரை, ஒன்றையும் விடாமல். பக்கத்தில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். மீனின் சொந்தக்காரர்கூடத் தன் மீனைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பேசினுக்குள் எட்டிப் பார்த்தார். அவ்வளவு பேர் நடுவில் அவ்வளவு நேரம் நான் பேசியது அன்றைக்குத்தான். ஆல்பர்ட் முகத்தில் முதல் பரிசு வாங்கியவரின் சிரிப்பு.

மிச்சமிருந்த பார்வை அடுத்த வெயில் காலத்துக்குள் போய்விட்டது. பையன் நியூசிலாந்தில் வேலை கிடைத்துப் போனான். அம்மா அப்பாவையும் அழைத்துக்கொண்டான். மீன்கள் என்னிடம் வந்தன. அவற்றையும் இரண்டு பொரிப்பு பார்த்தேன். குனிந்து பார்ப்பேன், எது நல்லது என்று தெரியும். தெரிந்து என்ன செய்ய? வாயைத் திறக்காமலே ஞாயிறு முடிந்துவிடும். பிறகு வீட்டுக்காரர் இடித்துக் கட்ட எண்ணி என்னைக் காலி பண்ணச் சொன்னார். இப்போதிருக்கும் அடுக்ககத்தில் மொட்டை மாடிக்குப் பூட்டு. பொழிச்சலூர் வீட்டையும் இடித்து நான்கு மாடி கட்டிவிட்டார்கள் என்று கேள்வி. நான் அந்தப் பக்கம் போகவில்லை.

நியூசிலாந்து போன புதிதில் ஆல்பர்ட் வாரம் ஒருமுறை போனில் பேசினார். இப்போது அவருடைய போனே எல்லாவற்றையும் வாசித்துச் சொல்லிவிடுகிறதாம். மாத்திரைப் பெட்டி, கடைப் பெயர், எதிரில் நிற்பது ஆணா பெண்ணா என்பதுவரை. நல்லதுதான். அழைப்பு கிறிஸ்துமஸுக்கு ஒன்று என்று ஆகிவிட்டது. போன முறை மழையைப் பற்றி, முழங்கால் வலியைப் பற்றி, பேத்தியைப் பற்றிப் பேசினோம். மீன் வரவே இல்லை. வைக்கப் போகிற நேரத்தில் கேட்டார்:

"சார், நீங்க இப்ப பாக்கறதுக்கு எப்படி இருக்கீங்க?"

தலை முழுக்க நரைத்துவிட்டது என்றேன்.

"அப்புறம்?" என்றார்.

யோசித்தேன். அந்தப் பக்கம் அவர் மூச்சு விடுவது கேட்டது. காத்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை.