முப்பத்தெட்டு நொடி

துறைமுக அலுவலகத்தில் ஜன்னலே இல்லாத ஓர் அறையில் உட்கார்ந்து அவள் தினமும் கப்பல் விட்டாள். சுவர் முழுக்கத் திரை. அதில் துறைமுகம், காற்று, நீரோட்டம் எல்லாம் கணினி போட்ட வேஷம். கப்பல்களை உள்ளே கொண்டுவரும் பைலட்டுகள் அங்கே பழகுவார்கள். அவளை வீடியோ கேம் அக்கா என்று கேலி பேசுவார்கள். அவள் காதில் போட்டுக்கொள்வதில்லை.

அடுத்த மாதம் முந்நூறு மீட்டர் கப்பல் ஒன்று முதன்முதலாக வர இருந்தது. தலைமை பைலட் அதைத் திரையில் பத்து முறை திருப்பிப் பார்த்தார். பத்தும் சுலபமாக முடிந்தன.

வீட்டில் கணவனிடம் சொன்னாள். அவன் இழுவைப் படகு ஓட்டுகிறவன். அந்தக் கப்பலின் பின்பக்கம் துறைமுகச் சுவரில் இடிக்காமல் தள்ளி நிறுத்தப்போவது அவன் படகுதான். இடித்தால் நடுவில் நசுங்குவதும் அதுதான்.

"அவரு 'தள்ளு'ன்னதும் உன் திரைல படகு தள்ளிடுதா?"

"ஆமா. பட்டனை அழுத்துவேன், தள்ளும்."

"நல்ல படகு. நாங்க திரும்பி, மெதுவா சாய்ச்சு வச்சுட்டுதான் வேகம் கொடுக்கணும்."

அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்று வாரம் கடிகாரத்தோடு கரையில் நின்று, 'தள்ளு' என்றதிலிருந்து படகு தள்ளும் வரை எத்தனை நொடி என்று அளந்தாள். சராசரி முப்பத்தெட்டு நொடி. அதைக் கணினியில் ஏற்றிவிட்டுத் தலைமை பைலட்டை அழைத்தாள். அவர் நான்கு முறை ஓட்டினார். நான்கு முறையும் கப்பல் படகை நசுக்கியது.

"மெஷின்ல கோளாறு," என்றார் அவர்.

"இத்தனை நாளாதான் சார் கோளாறு. இப்பதான் சரியா இருக்கு. சிவப்பு மிதவைக்கு முன்னாடியே 'தள்ளு'ன்னு சொல்லிப் பாருங்க."

சொன்னார். படகு தப்பியது. மனிதர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுந்து போனார். கேட்பாரா மாட்டாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

கப்பல் வந்த அன்று ரேடியோவும் கையுமாக மொட்டை மாடியில் நின்றாள். கப்பலின் முனை மிதவையைத் தொடும் முன்பே, "பின் படகு, தள்ளு," என்று அவர் குரல் வந்தது. எண்ணத் தொடங்கினாள். முப்பத்தேழில் கணவனின் படகுக்குப் பின்னால் வெள்ளையாக நுரை கிளம்பியது. அவ்வளவு பெரிய கப்பல், சொன்ன பேச்சுக் கேட்டுச் சுவரை விட்டு விலகிப் போனது. அவளுக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது, குதித்தாள்.

மாலையில் கணவன் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "பெரிசா பயந்தோம். ஒண்ணுமே நடக்கல," என்றான்.

"அந்த ஒண்ணும் நடக்காததுக்குத்தான் மூணு வாரம் வெயில்ல நின்னேன்," என்றாள்.