திரும்பிப் போன குண்டு

தில்லி சரோஜினி நகர் அரசாங்கக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்த ப்ரீதாவுக்குச் சின்ன வயதில் அக்கம்பக்கத்தில் அவ்வளவு நல்ல பெயர் இல்லை. குளிர்கால வெயிலில் மொட்டைமாடியில் உட்கார்ந்து, கைக்கண்ணாடியால் ஒளிப்பொட்டு அடித்துத் தெருப்பூனையை அலைக்கழிப்பாள். ஒரு பூனை அந்தப் பொட்டைத் துரத்திக்கொண்டே கிட்வாய் நகர் போய்ச் சேர்ந்து, அங்கேயே குடும்பம் நடத்த ஆரம்பித்துவிட்டதாகப் பேச்சு. "ஏட்டி, இந்த வித்தைக்கு எவன் சம்பளம் குடுப்பான்?" என்று கேட்பார் திருநெல்வேலிக்காரியான அவள் அம்மா தங்கம். பிற்பாடு இந்திய அரசாங்கமே கொடுத்தது.

பழைய பீரங்கிக் குண்டு குழாயை விட்டுக் கிளம்பினால் கிளம்பியதுதான். சுட்டவருக்கும் அதற்கும் உறவு அத்தோடு அறுந்துவிடும். ஒரு பாலத்தை உடைக்கப் போய் ஒரு வட்டாரத்தையே உழுதுவிடும். புதிய குண்டுக்கு மூக்கில் கண், உடம்பில் சிறகு. தொலைவிலிருந்து ஒருவர் லேசர் பொட்டை எதன்மேல் வைக்கிறாரோ, அதைப் பார்த்துப் பறந்து அங்கேயே போய் இறங்கும். அந்தப் பொட்டை வைக்கும் கருவியைத்தான் தில்லியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ப்ரீதாவின் குழு வருஷக்கணக்காக உருவாக்கியது. ஜனவரிக் குளிரில் தன் சால்வையைக் கழற்றி அதற்குப் போர்த்திவிட்டு, அவள் தும்மிக்கொண்டே வீட்டுக்கு வந்ததுண்டு.

அப்படி வளர்த்த பிள்ளைதான் ராஜஸ்தான் பாலைவனத்தில் நடந்த சோதனையில் இலக்கைக் கோட்டைவிட்டது. ஓட்டை டாங்கி ஒன்றை நிறுத்தி, அதைக் குறிபார்த்துச் சுட்டார்கள். குண்டு டாங்கியை விட்டு வெகுதூரம் விலகி ஒரு மணல்மேட்டில் விழுந்தது. சோதனைக் குழு தில்லியில் கூடி விசாரிக்கப்போகிறது. பதில் திருப்தியாக இல்லாவிட்டால் திட்டத்தையே இழுத்து மூடிவிடுவார்கள்.

கூட்டத்துக்குப் போகும் காரில், திட்டத் தலைவர் பத்மநாபன் கும்பகோணத்துக் குரலைத் தணித்துக்கொண்டு வழி சொல்லிக்கொடுத்தார்.

"தூசி எழும்பி லேசரை மறைச்சுடுத்துன்னு சொல்லிடும்மா. பாலைவனத்துல தூசிக்கா பஞ்சம்? இன்னொரு சான்ஸ் குடுத்துடுவா."

"தூசி மறைச்சிச்சுன்னா என் கருவிக்குக் கண்ணு தெரியலன்னுல்லா சார் ஆகும்? அதுக்கு நல்லாவே தெரிஞ்சிச்சு. நான் அது மேல பழி போட மாட்டேன்."

"திட்டமே போயிடும், ப்ரீதா."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பயம் இல்லாமல் இல்லை.

கூட்ட அறையில் தலைவராக உட்கார்ந்திருந்த ஜெனரல், வெட்டிய மீசையும் சுருக்கமான பேச்சுமாக இருந்தார். ஏன் தவறியது என்று நேராகக் கேட்டார். பத்மநாபன் தொண்டையைச் செருமினார். அதற்குள் ப்ரீதா எழுந்துவிட்டாள்.

தவறவில்லை, நான்தான் திருப்பினேன் என்றாள். சுடுவதற்கு முன் இடம் காலியாக இருப்பதைப் பார்த்துத்தான் அனுமதி கொடுத்தார்கள். குண்டு வானத்தில் இருக்கும்போது, டாங்கியின் அடிவயிற்று நிழலிலிருந்து ஒரு சிவப்புத் தலைப்பாகை நீண்டது. பின்னாலேயே ஆடுகள். வெயிலுக்கு ஒதுங்கி டாங்கியின் அடியில் படுத்திருந்த கிழவர். குண்டைத் திரும்பக் கூப்பிட முடியாது. ஆனால் அது பொட்டைத்தான் பார்க்கும். அவள் பொட்டை மெல்ல, குண்டின் கண்ணை விட்டு நழுவாத வேகத்தில், டாங்கியிலிருந்து மணல்மேட்டுக்கு நகர்த்தினாள். குண்டும் நல்ல பிள்ளையாகப் பின்னாலேயே போனது.

பத்மநாபன் கண்ணை மூடிக்கொண்டார். உறுப்பினர் ஒருவர் எரிச்சலோடு குறுக்கிட்டார். இங்கே ஆட்டிடையனுக்காகத் திருப்பினீர்கள், சரி. போரிலே இடையனா வந்து நிற்கப்போகிறான் என்றார்.

"போர்லதான் சார் நிறைய பேர் நிப்பாங்க," என்றாள் ப்ரீதா.

ஜெனரல் பேனாவைக் கீழே வைத்தார். மேட்டில் எந்த இடத்தில் பொட்டை வைத்தாய், குண்டு எங்கே விழுந்தது என்று கேட்டார். மேட்டின் மேல் ஒற்றைக் கருவேலம்புதர் இருந்தது, அதன் தூரில் வைத்தேன் என்றாள். இப்போது புதரும் இல்லை, தூரும் இல்லை.

அவர் பேனாவை மறுபடி எடுத்து அதைக் குறித்துக்கொண்டார். தன் காலத்துக் குண்டுகளுக்குச் சொன்ன பேச்சைக் கேட்கும் பழக்கமே இருந்ததில்லை என்றார். அதை அவர் சிரிக்காமல் சொன்னதால் மற்றவர்களும் சிரிக்கவில்லை. பிறகு முடிவைச் சொன்னார். விதிப்படி இந்தச் சோதனை தோல்விதான், அதை மாற்ற முடியாது. திட்டம் தொடரும். அடுத்த முறை ஒரு குண்டு இலக்கில் பட வேண்டும். இன்னொன்றைப் பாதி வழியில் தான் சொல்லும்போது திருப்பிக் காட்ட வேண்டும். தானே பக்கத்தில் நிற்பதாகவும் சொன்னார்.

பத்மநாபன் அப்போதுதான் மூச்சு விட்டார். அந்தக் காற்றில் மேஜைமேல் இருந்த காகிதங்கள் ஆடின.

"அந்தக் கிழவர் என்ன ஆனார்?" என்று ஜெனரல் கேட்டார்.

அதுவரை மேஜையையே பார்த்துக்கொண்டிருந்த சோதனைத்திடல் மேஜர் தலை நிமிர்ந்தார். கிழவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் ஆடுகள் வெருண்டு நாலா திசையும் சிதறிவிட்டன. சாயங்காலம் வரை அவற்றைத் தேடிப் பிடித்துவிட்டு, நேரே முகாம் வாசலுக்கு வந்து, குண்டை ஏவியவரின் ஏழு தலைமுறைக்கும் சாபம் கொடுத்துவிட்டுப் போனாராம். மேடத்துக்கு முன்னால் அந்த வார்த்தைகளைச் சொல்ல முடியாது என்று மேஜர் தயங்கினார்.

ப்ரீதா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"சொல்லுங்க," என்றாள். "ஒண்ணு விடாம."