அறுபத்தொரு கட்டைவிரல்கள்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் மனு எழுதிக் கொடுப்பவன் நான். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிரதி வைத்திருக்கிறேன், மேல்மூலையில் தேதியோடு. பக்கத்து வீட்டு அக்காவின் கூரைத் தகரம் பொத்தலாகி அடுப்புக்கு மேலேயே ஒழுகியது. ஜூன் மழை பிடிப்பதற்குள் மாற்றியாக வேண்டும். மூன்று மனு எழுதினேன். மூன்றாவது நான்கு பக்கம். அந்தத் தகரம் தோட்டத்துக்கு வந்த ஆண்டிலிருந்து தொடங்கியிருந்தேன். வீடு வீடாக நடந்து ஒரு மாதத்தில் ஒன்பது கையெழுத்து சேர்த்தேன். தோட்டத்தை நடத்தும் துரையிடமிருந்து பதில் இல்லை.

என் மகள் ஐந்தாம் வகுப்பு. புத்தகத்தில் இரண்டு பக்கம் தாண்டினால் கொட்டாவி. அவள் வயதில் நான் கடலை சுற்றி வந்த காகிதத்தைக்கூட விடாமல் வாசித்தவன் என்று வாரம் ஒருமுறையாவது சொல்லிவிடுவேன். போன் இருந்திருந்தால் கடலையோடு நிறுத்தியிருப்பீர்கள் என்பாள்.

மனுவை அவள் முதல் பக்கத்திலேயே கீழே வைத்தாள். "வீட்டுக்குள்ள மழை பெய்யுதுன்னு துரைக்குத் தெரியணும், அவ்வளவுதானே?"

என் போனோடு போய், ஒரு கையில் குடை பிடித்தபடி அக்கா அடுப்பு ஊதுவதைப் பதினோரு விநாடி படம் எடுத்தாள். செவ்வாய்க்கிழமை காலை ஐந்து ஐம்பதுக்கு அதைத் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டாள்.

அந்தக் குழு பெரட்டுக்கானது, அதாவது காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிப்பதற்கு. எந்த மலையில் கொழுந்து பறிப்பது என்று மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு ஆறு மணிக்கு எழுதுவார். வாசிக்கத் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரும் பார்க்காமலே கட்டைவிரலைப் போட்டுவிட்டு, போகிற வழியில் பக்கத்து ஆளிடம் கேட்டுக்கொள்வார்கள். அன்றும் போட்டார்கள், அறுபத்தொரு பேர். தூக்கக் கலக்கத்தில் கண்டாக்கும் போட்டிருந்தார்.

குழுவில் துரையும் உண்டு. தோட்டமே திரண்டுவிட்டதாக நினைத்தாரோ என்னவோ, பத்து மணிக்குள் கூரையைப் பார்க்க ஆள் அனுப்பிவிட்டார். கைநாட்டுக்காரர்கள் என்று எங்கள் ஆட்களை ஏளனம் செய்த ஆபீஸ், அதே கட்டைவிரல்களை எண்ணிப் பயந்ததை என் குறிப்பேட்டில் சிவப்பு மையில் எழுதினேன்.

"யாரும் பாக்காமத்தானே போட்டாங்க?" என்று மகளிடம் கேட்டேன்.

"அதனாலதான் கண்டாக்குக்கு முன்னாடி அனுப்பினேன்."

வியாழக்கிழமை புதுத் தகரம் ஏறியது. கோப்புக்கு ஒரு மனு வேண்டுமென்று ஆபீஸில் கேட்டார்கள். எழுத உட்கார்ந்தேன், மகள் பின்னால் நின்று இரண்டு வரியில் நிறுத்தினாள். தேதியை மட்டும் விட்டுவைத்தாள். இப்போது மனுவுக்கு வருகிறவர்கள் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, பாப்பா இருக்கா என்கிறார்கள்.

தகரம் ஏறிய அன்று மாலை அக்காவும் வந்தார். "தம்பி, அந்த நாலு பக்கத்தக் குடுங்க. கூரை ஒழுகல, ஆனா வெறகு இன்னும் ஈரம்."

இரண்டு பிரதி இருந்ததால் ஒன்றைக் கொடுத்தேன். நன்றாகப் பற்றியது.