இரண்டு முடிச்சுக்கு நடுவில் ஏலக்காய்

யாரோ தேநீருக்கு ஏலக்காய் தட்டுகிறார்கள். மணம் வந்ததும் என் விரல்கள் நூலைத் தேடுகின்றன. இத்தனை வருடம் கழித்தும் அது எனக்குத் தாகத்தைத் தருவதில்லை. கண்டியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தருகிறது.

எல்லாருக்கும் வாக்குரிமை என்று நாட்டில் புதிதாக வந்திருந்த காலம். எங்கள் வாசிகசாலைக்கும் அந்தக் காய்ச்சல். அது நடத்திய சின்னப் பள்ளிக்கு நிரந்தரமாக ஓர் ஆசிரியரை வாக்குப் போட்டே தேர்வது என்று முடிவானது. கிளாக்கர்மார் யாழ்ப்பாணத்து வாத்தியார் ஒருவரை நிறுத்தினார்கள். தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து டவுனில் தங்கியவர்கள் ஒரு கங்காணியின் மகனை. மூன்றாவது என் அக்கா. பள்ளி தொடங்கியதிலிருந்து சம்பளமில்லாமல் அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தவள். வேலை கிடைத்தால் எங்களோடு இருப்பாள். இல்லையென்றால் தெல்தெனியவுக்கு அப்பால் ஒரு மலைத்தோட்டத்துப் பள்ளி.

எழுதத் தெரியாதவர்களுக்காக வாசிகசாலைத் தலைவர் ஒரு வழி கண்டுபிடித்தார். வாத்தியாருக்குக் கராம்பு, கங்காணி மகனுக்குக் கறுவாப்பட்டைத் துண்டு, அக்காவுக்கு ஏலக்காய். விருப்ப வரிசையில் மூன்றையும் நூலில் கோத்து, ஒரு முனையில் மட்டும் முடிச்சிட வேண்டும். முடிச்சுப் பக்கம் இருப்பது முதல் விருப்பம். முதல் விருப்பம் யாருக்குக் குறைவோ அவரை விலக்கி, அவருடைய நூல்களை அடுத்த விருப்பத்துக்குக் கொடுப்பது.

சரக்குகளைக் கொடுத்த முஸ்லிம் கடைக்காரர் அக்காவைப் பார்த்துச் சிரித்தார். “பெருநாள் வட்டிலப்பத்துக்கு ஏலம் இல்லாட்டி ஏலாது, தங்கச்சி. பயப்புட வாணாம்.”

மேசையில் நூல்கள் குவிந்தன. பூக்கட்டிப் பழகிய பெண்கள் கைப்பழக்கத்தில் இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டிருந்தார்கள்.

“இதுதான் தலை!” என்றார் ஒரு கிளாக்கர்.

“அது வாலுங்க. ஒங்களுக்கு எதைப் பாத்தாலும் கராம்புதான் தலையா?” என்றார் தோட்டத்துக்காரர் ஒருவர்.

அந்தப் பெண்களைக் கூப்பிட்டுக் கேட்பதற்குள், நான் ஒரு நூலை எடுத்தேன். இப்படிப் பிடித்தேன், அப்படிப் பிடித்தேன். கராம்பு தலையாகும், கறுவா தலையாகும். ஏலக்காய் மட்டும் அசையவில்லை. இன்னொரு நூல். இன்னொன்று. நான் எடுத்த எல்லாவற்றிலும் அவள் நடுவில், பச்சையாக, மணத்தோடு.

அந்தப் பெண்கள் வந்து தலையைக் காட்டிய பிறகு எண்ணினார்கள். முதலில் விலக்கப்பட்டவள் அக்கா. அவளை முடிச்சோடு கோத்த சில நூல்களையும் மற்ற இருவருக்கும் பிரித்தார்கள். கறுவா மயிரிழையில் வென்றது.

கடைக்காரர் தன் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டார். “நானும் ரெண்டாவதாப் போட்டேனே, தங்கச்சி,” என்றார், அது ஏதோ கொடுத்தது போல.

அக்கா தலையாட்டினாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. தலைவரிடம் போனேன். அவர் ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்துக் கிளாக்கர். கணக்கில் நேர்மை பிசகாதவர்.

“ஐயா, ஒவ்வொரு எடத்துக்கும் புள்ளி போட்டு எண்ணிப் பாருங்க. அக்காதான் வருவா.”

“முன்னமே அப்பிடிச் சொல்லியிருந்தா, தம்பி, ரெண்டு பகுதியும் அவவைக் கடைசியிலை கோத்திருப்பினம். ரெண்டாவது ஆள் வெல்லுவா எண்டு தெரிஞ்சா ஆர் ரெண்டாவதாப் போடுவினம்?”

“அப்ப ஒவ்வொருத்தரோடயும் தனியா நிறுத்துங்க. கராம்போட நின்னா கறுவாக்காரங்க இவ பக்கம். கறுவாவோட நின்னா கராம்புக்காரங்க.”

“ஓம், ரெண்டு பேரையும் வெல்லுவா. எனக்கும் தெரியும்.” கண்ணாடியைக் கழற்றினார். “ஆனா முதலாவதாக் கேட்டது நாலைஞ்சு பேர்தானே? அவையை நம்பி எப்பிடி அவவை முதலாவதா வைக்கிறது? முதல் விருப்பத்தை மதிச்சா அவ போறா. அவவை வைச்சா முதல் விருப்பம் போகுது. ரெண்டையும் காப்பாத்த என்னாலை ஏலாது.”

ஏலாது. காலையில் கடைக்காரரின் வட்டிலப்பத்தில் கிடந்த சொல். திட்டுவதற்கு ஓர் அயோக்கியன் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! மேசையைச் சுற்றி நல்லவர்கள்தான் நின்றார்கள், நூலும் கையுமாக. நான் அந்தக் குவியலை இரண்டு கைகளாலும் அள்ளினேன், வேறென்ன செய்ய? மணம் மட்டும் விரல்களில் ஒட்டிக்கொண்டது.

மலைத்தோட்டத்துக்குப் போகிற பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பெட்டியை மேலே கட்டினார்கள். மழை தூறியது. “கோவமாக்கா?” என்று கேட்டேன். பஸ் நகர்ந்தபோதுதான் அவள் திரும்பினாள்.

“யாரு மேலடா கோவப்படுறது? எல்லாருக்கும் என்னைய புடிக்கத்தானே செஞ்சுச்சு.”