வெள்ளியைக் கழித்த எடை

என் ரஃப் நோட்டின் ஒரு பக்கத்தில் பதினொரு பென்சில் புள்ளிகள் இருக்கின்றன. ஒரு பெண் குழந்தையின் முதல் பதினொரு மாதத்து எடை. அதில் மூன்றாவது புள்ளியும் நான்காவது புள்ளியும் பொய். வேறு யாரும் சொன்ன பொய் இல்லை, என் கையால் நான் வைத்த பொய். சேத்தியாத்தோப்பில் இருந்து கடலூருக்கு, அங்கிருந்து இப்போது இருக்கும் சிதம்பரம் வீட்டுக்கு என்று அந்த நோட்டு என்னோடு கூடவே வந்திருக்கிறது. அட்டை கிழிந்துவிட்டது. பழைய பேப்பர்காரன் வரும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் அதைக் கையில் எடுப்பார், நான் முறைத்தால் வைத்துவிடுவார். அந்தப் பக்கத்தைத் திறந்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வருகிறது. பாதி எரிச்சல் என்மேல். மீதி ஒரு தாய்மாமன்மேல்.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு வாக்கில் சேத்தியாத்தோப்புப் பக்கத்து ஊர் ஒன்றில் அங்கன்வாடி டீச்சராக இருந்தேன். மாதம் ஒரு நாள் கைக்குழந்தைகளுக்கு எடை பார்ப்போம். உத்தரத்துக் கொக்கியில் கடிகாரம் போன்ற முகம் கொண்ட தராசைத் தொங்கவிட்டு, அதன் கீழே நீல நிறத் துணிப்பையை மாட்டி, பைக்குள் குழந்தையின் காலை நுழைத்து விட வேண்டும். உள்ளே போன நொடியில் எல்லாக் குழந்தையும் கத்தும். முள் ஆடும். அது நிற்பதற்குள் தாய்மார்கள், "போதும் டீச்சர், கண்ணு பட்டுடும், எடுத்துடுங்க" என்பார்கள். எடுத்த எடையை ரிஜிஸ்டரில் ஏற்றி, அட்டையில் புள்ளியாக வைத்துப் போன மாதப் புள்ளியோடு கோடு இழுக்க வேண்டும். அதே புள்ளியை என் ரஃப் நோட்டிலும் வைத்துக்கொள்வேன். பச்சைக்குள் போனால் நல்லது, மஞ்சள் என்றால் கவனம், அதற்கும் கீழே என்றால் ஆஸ்பத்திரி. இதில் முக்கியமே அந்தக் கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதுதான். சின்ன உடம்புக் குழந்தை சின்னதாகவே இருக்கட்டும், அதன் கோடு மாதாமாதம் மேலே ஏறினால் போதும். எதிர்வீட்டுக் குழந்தையோடு அதை ஒப்பிட வேண்டியதில்லை, போன மாதத்து அதே குழந்தையோடு ஒப்பிட்டால் போதும். இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

அந்தப் பெண் குழந்தையைத் தூக்கி வந்தது அதன் அம்மா இல்லை, தாய்மாமன். குழந்தையின் அப்பாவுக்குத் திருப்பூரில் வேலை. தங்கை பிரசவத்துக்கு வந்து பிறந்த வீட்டிலேயே தங்கிவிட்டாள். அண்ணன்காரன் கரும்பு டிராக்டர் ஓட்டுபவன், சீசன் முழுக்கப் பெண்ணாடம் மில்லுக்கு லோடு அடிப்பான். முப்பது வயதுதான் இருக்கும். ஆம்பிளைகள் எங்கள் சென்டர் வாசலில் செருப்பைக் கழற்றுவதே அபூர்வம். இவன் உள்ளே வந்து, குழந்தையின் கழுத்தடியில் கையை ஒழுங்காகக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றான். எனக்கு அவனை அவ்வளவு பிடித்துப்போனது. அதுதான் வினை.

பிறந்தபோது இரண்டே முக்கால் கிலோ. முதல் மாதம் மூன்றரை, இரண்டாம் மாதம் நான்கு கிலோ இருநூறு. கோடு அழகாக ஏறிக்கொண்டிருந்தது. ஆனால் அவனுக்குத் திருப்தி இல்லை. வீட்டுச் சுவரில் ஒரு கேலண்டர் தொங்கியது, அதில் கன்னமும் தொடையும் மடிப்பு மடிப்பாக ஒரு குழந்தை. "இதுமாரி ஆவணும் டீச்சர் எங்க பாப்பா. எங்க புள்ள என்னா இப்படி நோஞ்சானா இருக்குது?" என்பான். அது நோஞ்சான் இல்லை தம்பி, நன்றாக வளர்கிறது என்று அட்டையைக் காட்டினால், தலையை ஆட்டிவிட்டு அடுத்த மாதமும் அதையே கேட்பான்.

மூன்றாம் மாதம் குழந்தை வெள்ளியோடு வந்தது. தடிமனான அரைஞாண், இரண்டு கைக்கும் காப்பு. தாய்மாமன் சீர். கழற்றி வையுங்கள் என்றேன். அவன் பதறிவிட்டான். "அய்யய்யோ, அவுக்கச் சொல்லாதீங்க டீச்சர். காது குத்துற வரைக்கும் தாய்மாமன் போட்டது ஒடம்ப விட்டு எறங்கக் கூடாது. எங்க வீட்டு வழக்கம்." பின்னால் இருபது பேர் வரிசையில் நிற்கிறார்கள். ஒரு குழந்தை வாந்தி எடுத்துவிட்டது. சரி போ, வெள்ளி என்ன பெரிய எடை என்று அப்படியே பையில் போட்டேன். நான்கு அறுநூறு என்றது முள். பச்சைக் கோட்டின் கடைசி விளிம்பு. நான்காம் மாதம் கணுக்காலில் ஒரு ஜோடி தண்டையும் ஏறியிருந்தது, கையில் வாங்கினால் கை தாழும் தண்டை. முள் ஐந்து கிலோவில் நின்றது. அதே விளிம்பு. அவன் ஊருக்கே கேட்கிற மாதிரி, "அஞ்சு கிலோ!" என்றான். நானும் சிரித்துக்கொண்டு புள்ளியை வைத்தேன்.

எனக்குத் தெரியாதா? தெரியும். எடை பார்க்கும்போது துணியைக்கூடக் குறைக்க வேண்டும் என்று கடலூர்ப் பயிற்சியில் தலையில் குட்டிச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆனால் வழக்கத்தோடு மல்லுக்கட்ட அன்றைக்கு எனக்குத் தெம்பில்லை. பச்சைக்குள் ஒரு புள்ளி இருந்தால் மேலிருந்து யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அந்தச் சௌகரியத்துக்கு நான் ஒரு குழந்தையின் இரண்டு மாதத்தைக் கொடுத்தேன்.

ஐந்தாம் மாதம் அவன் லோடோடு போயிருந்ததால் தங்கை வந்தாள். குழந்தை உடம்பில் ஒரு பொட்டு வெள்ளி இல்லை. தண்டை உரசிக் கணுக்காலில் புண், இடுப்பில் வேர்க்குரு, அதனால் அண்ணனுக்குத் தெரியாமல் எல்லாவற்றையும் கழற்றிவிட்டாள். பையில் போட்டேன். நான்கு அறுநூறு. தராசுதான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். குழந்தையை இறக்கிவிட்டு ஒரு கிலோ சத்துமாவுப் பாக்கெட்டைப் போட்டேன், சரியாக ஒரு கிலோ காட்டியது. மறுபடி குழந்தையைப் போட்டேன். அதே நான்கு அறுநூறு. அவள் என் முகத்தைப் பார்த்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து அரைஞாண், காப்பு, தண்டை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் குழந்தையின் காலடியில் பைக்குள் போட்டாள். முள் ஏறி, சரியாக ஐந்தில் நின்றது. போன மாதமும் ஐந்து, இந்த மாதமும் ஐந்து. ஒரு மாதமாகக் குழந்தை ஒரு பொடிகூட வளரவில்லை. அதற்கு முந்தைய மாதமும் ஏறியதில் பாதிக்கு மேல் வெள்ளி. கோடு எப்போதோ படுத்துவிட்டது, அதை வெள்ளி தூக்கிப் பிடித்திருக்கிறது.

என்ன கொடுக்கிறாய் என்று கேட்டேன். வெள்ளியை மறுபடி முந்தானையில் முடிந்தபடியே சொன்னாள். கேலண்டர் குழந்தை மாதிரி ஆக வேண்டும் என்று அண்ணன் பால்பவுடர் டப்பாவும் புட்டியும் வாங்கி வந்திருக்கிறான். புட்டி பழகியதும் குழந்தை மார்பில் குடிப்பது குறைந்திருக்கிறது, குடிக்கக் குடிக்கத்தானே ஊறும், இவளுக்குப் பாலும் குறைந்துவிட்டது. டப்பாவில் சொன்ன அளவுக்குப் போட்டால் வாரத்தில் தீர்ந்துவிடுகிறது. "மறுபடி மறுபடி அண்ணன்கிட்ட எப்புடி டீச்சர் கேக்குறது? அது லோடு அடிச்சி களைச்சிப் போயி வருது. அதான் ஒரு ஸ்பூன கொறச்சிப் போட்டு தண்ணிய ஜாஸ்தி ஊத்துனேன்" என்றாள். அண்ணனுக்கு ஆசை, தங்கைக்குக் கூச்சம். நடுவில் குழந்தைக்கு வெள்ளைத் தண்ணீர். யாரைத் திட்டுவது? எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

மறுநாள் காலையிலேயே அவன் வந்துவிட்டான். டிராக்டரை வாசலில் உறுமவிட்டபடியே இறங்கி வந்தான். "யாரக் கேட்டு டீச்சர் அவுத்தீங்க? நாலு பேரு என்னா பேசுவான்? தாய்மாமன் செத்துட்டானான்னு கேப்பான்!"

"உன் தங்கச்சி அவுத்தா. நான் மொத மாசமே அவுத்திருக்கணும், அது என் தப்பு" என்றேன். "உன் வெள்ளிதான் தம்பி வளருது, புள்ள வளரல."

அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. எம் புள்ளய இப்படிச் சொல்லலாமா என்று குதித்தான். அட்டையைக் காட்டினேன், பார்க்க மாட்டேன் என்றான். தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. வாசலில் நின்ற டிராக்டரைப் பார்த்ததும்தான் எனக்கு அது தோன்றியது.

"மில்லுல லோடோட வண்டிய எடை போடுறான். அத்தோட அனுப்பிடுவானா?"

"அதெப்புடி? கரும்ப எறக்கிட்டு வெறும் வண்டிய மறுபடி போடணும்."

"எதுக்கு?"

"வண்டி எடைய கழிக்கத்தான். இல்லன்னா இரும்பையும் கரும்புன்னு எழுதிட்டு..."

வெளியே போய் எஞ்சினை நிறுத்தினான். திரும்பி வந்து சுவரோரம் உட்கார்ந்தான். "எவ்ளோ டீச்சர்?" என்று கேட்டான். நானூறு கிராம் என்றேன். "நானே ஏத்திவுட்டுட்டேனே" என்று துண்டை முகத்தில் வைத்துக்கொண்டான். தினம் இரண்டு தடவை எடை மேடையில் ஏறி இறங்குகிறவன். ஒரு கிலோ பிசகினால் மில்லில் சண்டை போடுகிறவன். வீட்டில் மட்டும் கழிக்க மறந்துவிட்டான். சொல்லிக் கொடுக்க வேண்டிய நானும்தான் கழிக்கவில்லை.

அன்றைக்கே அந்த டிராக்டரிலேயே, டிரெய்லரைக் கழற்றிவிட்டு, தங்கையையும் குழந்தையையும் என்னையும் பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விட்டான். சிதம்பரம் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா குழந்தையைத் தலைமுதல் கால்வரை பார்த்தார். நோய் ஒன்றும் இல்லை, சாப்பாடு பற்றவில்லை, இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கும் என்றார். அந்த 'இன்னும் ஒரு மாதம்' இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. தாய்ப்பால் மறுபடி நன்றாகச் சுரக்கும் வரைக்கும் பவுடரைச் சரியான அளவில் கிண்ணத்தில் புகட்டச் சொன்னார், புட்டியைத் தூக்கிப் போடச் சொன்னார், இரவும் பகலும் கேட்கும்போதெல்லாம் மார்பில் போடச் சொன்னார். அதுவரை வயல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த தங்கை, வேலையை விட்டு வீட்டிலேயே இருந்தாள். அண்ணன் முட்டையும் கீரையுமாக அவளுக்கு வாங்கி வந்தான். வாரா வாரம் எடை பார்த்தோம். ஆறாம் மாதம் ஐந்து முந்நூறு. அரிசியும் பருப்பும் குழைத்து நெய் விட்டு ஊட்ட ஆரம்பித்தோம், ஏழாம் மாதம் ஐந்து எண்ணூறு. பையில் போடும் முன் குழந்தையின் சட்டையைக்கூட அவனே கழற்றுவான், "கழிச்சாச்சி டீச்சர்" என்பான்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தால் அது என் ஜாதகத்தில் இல்லை. சோதனைக்கு வந்த அதிகாரி, ஐந்தாம் மாதம் எடை ஏன் குறைந்தது என்று எழுதிக் கேட்டார். குறையவில்லை, முந்தைய இரண்டும் தப்பு என்றேன். ரிஜிஸ்டரில் அடித்துத் திருத்தக் கூடாது என்றார். ஆக, அரசாங்கக் கணக்கில் அந்தக் குழந்தை பட்டினி கிடந்த மாதங்களில் நன்றாக வளர்ந்தது, நாங்கள் கண்டுபிடித்த மாதத்தில் இளைத்துப்போனது. தாய்மாமனாவது திருந்தினானா? கேலண்டரைக் கழற்றவே இல்லை. "எல்லாம் சரி டீச்சர், இன்னும் கன்னம் வெக்கலியே" என்று எட்டாம் மாதமும் கேட்டான். தவழ்கிறது, சிரிக்கிறது, கோடு ஏறுகிறது, இதற்குமேல் கன்னம் எதற்கடா என்று கத்தினேன்.

இப்போதும் அதே கதைதான். எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் செல்போனில் வேறு யாருடைய குழந்தை படத்தையோ காட்டி, "என் பையன் ஏன் ஆன்ட்டி இந்த மாதிரி இல்ல?" என்கிறாள். அவள் கையில் அவன் தொம் தொம்மென்று குதித்துக்கொண்டிருக்கிறான். கேலண்டர் போய் செல்போன் வந்திருக்கிறது. சொல்லி அலுத்துவிட்டது எனக்கு. ஆனாலும் அவனைக் கையில் வாங்கியதும் முதலில் இடுப்பைத்தான் தடவிப் பார்க்கிறேன், அரைஞாண் எவ்வளவு கனம் என்று.

அந்தப் பெண் குழந்தைக்குப் பதினோராம் மாதம் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்த வேண்டும், அதற்கு முன் அவன் சீர் மறுபடி உடம்பில் ஏற வேண்டும். காலையில் பந்தலில் இருந்து பட்டு வேட்டியோடு சென்டருக்கு ஓடி வந்தான். ஒரு இடுப்பில் குழந்தை, இன்னொரு கையில் தண்டை. எனக்குப் பகீரென்றது. "ஏறல டீச்சர்!" என்றான். "சோப்பு போட்டுப் பாத்தாச்சி, எண்ண தடவிப் பாத்தாச்சி. குதிகால தாண்ட மாட்டேங்குது!" கண்ணீர் ஒழுக ஒழுகச் சிரித்தான். குழந்தையைப் பையில் போட்டேன், ஏழு இருநூறு. இறக்கியதும் அவன் போகவில்லை. "அந்த நோட்டுல இதையும் எழுதுங்க டீச்சர்" என்று அடம் பிடித்தான். எழுதினேன். கீழே அவனே கையெழுத்தும் போட்டான்.

ரிஜிஸ்டரில் அந்த இரண்டு பொய்யும் அழியாமல் இருக்கின்றன. என் நோட்டில் பதினோராவது புள்ளிக்குப் பக்கத்தில், எண்ணெய்ப் பிசுக்கான ஒரு விரல் தடத்தோடு, இரண்டு வார்த்தை இருக்கிறது: தண்டை ஏறவில்லை.